டிரம்மருக்குச் சம்பளம் கொடுத்தாச்சா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை ராத்திரி மூன்றாம் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து மதியம் வரை தூங்கலாம் என்று படுத்திருந்தேன். பதினோரு மணி வாக்கில் இலக்கிய நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் ஒரு லிங்க் அனுப்பினார். மேற்கு ஆப்பிரிக்காவின் பழைய ஆஃப்ரோபீட் குழு ஒன்று பல வருடம் கழித்து மறுபடி ஒன்றுகூடி புது ஆல்பம் போடுகிறதாம். கூடவே ஒரு வரி: "புல்லரிக்குது தோழர், காலத்தால கலைஞனை ஜெயிக்க முடியாது." நரைத்த தலையோடு சாக்ஸபோனைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் ஒரு தாத்தாவின் படம். நானும் ஒரு இதயத்தைப் போட்டுவிட்டுப் புரண்டு படுத்தேன்.

அரை மணி நேரத்தில் இன்னொரு போன். எங்கள் பழைய ஆர்கெஸ்ட்ராவின் ஓனர். ஒன்பது வருடமாகப் பேசாதவர். "தம்பி, நம்ம பழைய டீம் மறுபடி சேர்றோம்டா. ஆல்பம் போடறோம். இப்பல்லாம் ரீயூனியன்னா தான் யூடியூப்ல வியூஸ் போவுது. பேட் நீதான் வாசிக்கணும்."

அதோடு தூக்கம் போச்சு. கட்டிலில் உட்கார்ந்து இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுக்கு இதயம் போட்டவன் இன்னொன்றுக்கு ஏன் பல்லைக் கடிக்கிறேன்? எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரிந்தது. இரண்டாவது குழுவில் டிரம்மருக்கு எவ்வளவு பாக்கி என்று எனக்குத் தெரியும். முதல் குழுவில் தெரியாது. நம்முடைய புல்லரிப்பு முழுக்க இந்தத் தெரியாமையின் மேல்தான் நிற்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

*

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பெங்களூர் பப்களில் நீங்கள் ஆடுவது ஆஃப்ரோபீட்ஸ். கடைசியில் ஒரு 'ஸ்' உண்டு. ரேமாவும் பர்னா பாயும் அந்த வகை. நான் பேசுவது 'ஸ்' இல்லாத ஆஃப்ரோபீட். 1960களின் கடைசியிலும் 70களிலும் நைஜீரியாவின் லாகோஸில் ஃபேலா குட்டி உருவாக்கியது. பெயரில்தான் குட்டி, ஆள் யானை. கானா, நைஜீரியாவின் ஹைலைஃப் இசை, யொரூபா தாளங்கள், அமெரிக்க ஜாஸ், ஜேம்ஸ் பிரவுனின் ஃபங்க் எல்லாவற்றையும் ஒரே அடுப்பில் ஏற்றினார். ஒரு பாட்டு எல்பி ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். குரல் வருவதற்கே பல நிமிடம் ஆகும். அதுவரை குழுதான் பேசும்.

இந்த இசையை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு வெண்டார் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் நிற்கிறேன். ஆஃப்ரோபீட்டில் ஒரு கிதார்காரர் நாலு ஸ்வரத்தை வைத்துக்கொண்டு பதினைந்து நிமிடம் அதையே வாசிப்பார். பக்கத்தில் இன்னொரு கிதார், அது வேறு நாலு ஸ்வரம். சுரைக்குடுக்கையில் மணி கோத்த ஷெக்கெரேயை ஒருவர் குலுக்குவார். இரண்டு குச்சியைத் தட்ட ஒருவர், காங்காவுக்கு ஒருவர். பின்னால் ஊதுகருவிகளின் வரிசை. எல்லாருக்கும் சின்னச் சின்ன வேலை. திரும்பத் திரும்ப. லைனில் நிற்கிறவனுக்கு இது உடனே புரியும். ஒரே ஒரு வித்தியாசம்: லைனில் என் பக்கத்து ஸ்டேஷன் ஆள் செய்வது என் காதில் விழாது, விழவும் கூடாது. பேண்டில் அது விழுந்தால்தான் நான் என் வேலையைச் செய்ய முடியும். ஒருத்தன் நின்றால் எல்லாம் நொண்டும்.

அந்த லைனின் நடு எலும்பு டோனி ஆலன். ஃபேலாவின் டிரம்மர். 1960களின் நடுவில் கூலா லொபிடோஸ் என்ற குழுவில் சேர்ந்து, பிறகு அதுவே ஆப்பிரிக்கா 70 ஆனபோதும் கூடவே இருந்தவர். ஃபேலாவோடு முப்பதுக்கும் மேற்பட்ட ஆல்பங்களில் வாசித்தவர். இரண்டு கை, இரண்டு கால், நாலும் நாலு பேர் மாதிரி தனித்தனியாகப் பேசும். ஆலன் இல்லாமல் ஆஃப்ரோபீட் இல்லை என்பது ஃபேலாவே ஒப்புக்கொண்ட விஷயம்.

அப்புறம் ஏன் போனார்?

1978 பெர்லின் ஜாஸ் விழாவில் ஆப்பிரிக்கா 70 வாசித்தது. அந்தப் பயணத்தோடு குழுவின் பெரும்பகுதி கலைந்தது. அந்தச் சமயத்தில் ஃபேலா நைஜீரியாவின் ஜனாதிபதி தேர்தலில் நிற்கும் திட்டத்தில் இருந்தார். கச்சேரிப் பணம் அந்தப் பிரச்சாரத்துக்குப் போகிறது என்ற பேச்சு குழுவில் இருந்தது. ஆலனும் விலகினார். சம்பளம், ராயல்டி, மரியாதை என்று அவர் பின்னாளில் சொன்ன காரணங்களில் மர்மம் ஒன்றும் கிடையாது. சிப்காட் கேட்டில் எந்த டீக்கடையிலும் கேட்கக் கிடைக்கிற காரணங்கள்தான்.

ஃபேலாவைச் சின்னவராக்க இதைச் சொல்லவில்லை. 1977 பிப்ரவரி 18 அன்று ராணுவத்தினர் அவருடைய கலக்கூட்டா வீட்டை வளைத்து அடித்து நொறுக்கி எரித்தார்கள். ராணுவத்தைக் கிண்டல் செய்த 'ஜாம்பி' அவர்களுக்கு அவ்வளவு உறுத்தியிருந்தது. அவருடைய தாய் ஃபன்மிலாயோ, நைஜீரியப் பெண்கள் இயக்கத்தின் பெரிய தலைவர், ஜன்னலிலிருந்து தூக்கி எறியப்பட்டார். அடுத்த வருடம் அந்தக் காயத்தின் தொடர்ச்சியாக இறந்துபோனார். இதையெல்லாம் தாங்கிய மனிதனின் துணிச்சலுக்கு முன்னால் நான் யார். ஆனால் துணிச்சல்காரனின் சம்பளப் பட்டியலிலும் ஓட்டை இருக்கலாம். ராணுவத்தை எதிர்த்துப் பாடியவர் தன் டிரம்மரின் கணக்கை நேர் செய்யாமல் இருக்கலாம். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்று ஏற்றுக்கொள்ள நம் இலக்கிய மனசுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்? அதே 1978இல் அவர் ஒரே சடங்கில் 27 பெண்களை மணந்தார். குழுவின் கோரஸ் பாடியவர்களும் ஆடியவர்களும்தான் அவர்கள். அந்த 27 பேரில் ஒருவரின் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தேடிப் பார்த்துத்தான் தெரிந்தது.

*

சரி, ரீயூனியனுக்கு வருவோம். ஆஃப்ரோபீட் உலகத்தில் உண்மையாகவே நடந்த ஒரு நல்ல ரீயூனியன் பெனின் நாட்டின் கோட்டனூ நகரத்து ஆர்கெஸ்ட்ரா பாலி ரித்மோ. ஆர்கெஸ்ட்ரா என்ற சொல்லைக் கவனியுங்கள். நம்ம ஊர்க் கோயில் திருவிழா பேனரில் இருக்கிற அதே சொல். மெலோமே கிளெமென்ட் என்பவர் 1960களின் கடைசியில் தொடங்கியது. ஃபங்க், ஆஃப்ரோபீட், கியூபத் தாளம், உள்ளூர் வோடூன் வழிபாட்டின் தாளம், எது கேட்டாலும் வாசிப்பார்கள். நூற்றுக்கணக்கான பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். 80களில் கிதார்காரர் பாப்பியோனும் டிரம்மர் லியோபோல்ட் யெஹூசியும் இறந்துபோக, குழு ஒடுங்கிப்போனது.

பிறகு எப்படி மீண்டார்கள்? காலம் கலைஞனை வெல்லாததாலா? இல்லை. அவர்களுடைய ரெக்கார்டுகள் இருந்தன. ஜெர்மனியிலிருந்து இயங்கும் அனலாக் ஆப்பிரிக்கா என்ற சின்ன நிறுவனம் அவற்றைத் தேடிப் பிடித்து, இன்னும் இருப்பவர்களைச் சந்தித்துப் பேசி, 2008இலும் 2009இலும் தொகுப்புகளாக வெளியிட்டது. ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளர் அவர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப்போக அலைந்தார். 2011இல் 'கோட்டனூ கிளப்' என்ற ஆல்பம் வந்தது. பழைய பாட்டுகள் சில, புதியவை சில. 2012 டிசம்பரில் கிளெமென்ட் இறந்துபோனார். அதாவது அந்த வாய்ப்பு இன்னும் ரெண்டு வருடம் தள்ளிப் போயிருந்தால் அவர் இல்லாமலே நடந்திருக்கும்.

இந்தக் கதையில் அதிசயம் என்று ஒன்றும் இல்லை. மூன்று சாமான்தான் இருக்கிறது: பதிவு, அதில் யார் வாசித்தார் என்ற விவரம், அதற்காக மெனக்கெட்ட ஆள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் ரீயூனியன் இல்லை. நீங்கள் ஷேர் செய்கிற ஒவ்வொரு நரைத்த தாத்தாவுக்கும் பின்னால், பதிவு இல்லாத, பெயர் எழுதப்படாத நூறு தாத்தாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் காலத்திடம் தோற்கவில்லை. அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

*

இப்போது எங்கள் ஊருக்கு வாருங்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஓசூர் என்றால் பெங்களூருக்குப் போகும் வழியில் தூங்கி எழுகிற இடம். 1980இல் டிவிஎஸ் 50 இங்கிருந்துதான் வெளியே போனது. லாரி, கடிகாரம், இப்போது போன் பாகம், மின்சார ஸ்கூட்டர் எல்லாம் இந்த மாவட்டத்தில் தயாராகிறது. 2004இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகு வந்த கம்பெனிகளுக்குக் கணக்கில்லை. ஆனால் இங்கே இன்னொன்றும் தயாராகும், அது எந்தத் தொழில்துறை மலரிலும் வராது. மூன்று மொழியில் பாடுகிற ஆர்கெஸ்ட்ராக்கள். மாரியம்மன் பண்டிகைக்குத் தமிழ், பாகலூர் பக்கம் தெலுங்கு, எல்லை தாண்டினால் கன்னடம். நவம்பர் முழுக்க அந்தப் பக்கம் ராஜ்யோத்சவ மேடைகள். ஒரே பாடகி ஒரே ராத்திரியில் மூன்று மொழியில் தாலாட்டும் பாடுவார், குத்தும் பாடுவார். இந்த மண்ணின் பம்பைக்காரர்களும் தெருக்கூத்துக்காரர்களும் தனி. எல்லைக்கு அந்தப் பக்கம் தமட்டெ. நம்ம பக்கத்துப் பறைக்கும் தப்பட்டைக்கும் சொந்தக்காரன். தோல் ஒன்று, சூடு காட்டும் நெருப்பு ஒன்று, அடிக்கிறவனை ஊர் நிறுத்தி வைத்திருக்கிற இடமும் ஒன்று.

எங்கள் குழுவில் எட்டுப் பேர். பாகலூர் பக்கத்து அக்கா ஒருவர், வீட்டில் தெலுங்கு. ஆண் குரலுக்கு ஒரு அண்ணன். கீபோர்டு, பேஸ் கிதார், தபேலா, பேடுக்கு நான். காவேரிப்பட்டணத்திலிருந்து பம்பைக்காரர் ஒருவர். டிரம்ஸுக்கு ஆனேக்கல் பக்கத்துப் பையன், தாய்மொழி கன்னடம். ஓனர் வாசிக்க மாட்டார். சவுண்டு செட்டும் பேனரும் வேனும் அவருடையவை. ஓர் இரவுக்கு எனக்கும் டிரம்மருக்கும் தலா எண்ணூறு ரூபாய்.

நிகழ்ச்சி தொடங்கும் முன் கூட்டம் சேருவதற்காக ஒரு பத்து நிமிடம் சும்மா வாசிப்போம். அதைத் தொடங்கியவன் டிரம்மர்தான். அவன் ஊரில் சாவுக்கும் திருவிழாவுக்கும் அடிக்கிற தமட்டெ அடியை டிரம்ஸில் போடுவான். பம்பைக்காரர் அதற்குள் தன் அடியை நுழைப்பார். நான் பேடில் நடுவில் மணி தட்டுவேன். பேஸ் நாலு ஸ்வரத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது எங்களில் யாருக்கும் ஆஃப்ரோபீட் என்ற சொல்லே தெரியாது. வருடங்கள் கழித்து, நைட் ஷிஃப்ட் இடைவேளையில் ஒரு காதில் இயர்போன் போட்டு முதன்முதலாக டோனி ஆலனைக் கேட்டபோது எனக்குத் தோன்றியது இதுதான்: அட, இவன் நம்ம ஆனேக்கல் பையன்.

2016 செப்டம்பர் 12. காவிரித் தீர்ப்பை ஒட்டி பெங்களூரில் தமிழ்நாட்டு வண்டிகள் எரிந்த நாள். அத்திப்பள்ளியில் பஸ்கள் நின்றன. ஜனங்கள் குழந்தைகளையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு எல்லையை நடந்தே கடந்தார்கள். விநாயகர் சதுர்த்தி முடிந்த வாரம் அது. அந்தப் பக்கத்து விநாயகர் மேடைகளுக்கு நாங்கள் ஒத்துக்கொண்டிருந்த நாலு புரோகிராமும் கேன்சல். அதற்கு முன்னால் வாசித்து முடித்திருந்த மூன்று ராத்திரிக்கு டிரம்மருக்குப் பணம் வர வேண்டியிருந்தது. இரண்டாயிரத்து நானூறு ரூபாய். ஓனர் சொன்னார், "நாலு புரோகிராம் போச்சு, நஷ்டத்துல இருக்கேன், எல்லாரும் கொஞ்சம் பொறுத்துக்கணும்." வாசித்த ராத்திரிக்கான பணம் அவர் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பது எங்களுக்குத் தெரியும். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கும்தான் வாய் இருந்தது. அடுத்த புரோகிராமில் பேடுக்கு வேறு ஆள் வந்துவிடுவான் என்ற பயமும் இருந்தது.

டிரம்மர் அதற்குப் பிறகு வரவில்லை. அவன் இல்லாமல் இரண்டு மாதத்தில் குழு செத்தது. ஊரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "காவிரிப் பிரச்சனைல கன்னடக்காரன் வுட்டுட்டுப் போய்ட்டான்." ஓனரும் அதையே சொன்னார். எல்லாருக்கும் வசதியான கதை. மொழிச் சண்டையில் பிரிந்த கலைஞர்கள் என்றால் அதற்கு ஒரு சோக அழகு இருக்கிறது, கவிதைகூட எழுதலாம். இரண்டாயிரத்து நானூறு ரூபாயில் என்ன கவிதை இருக்கிறது?

*

சென்னை நண்பர்கள் இப்போது கையைத் தூக்குவார்கள். "அதெல்லாம் பழைய ஆர்கெஸ்ட்ரா கதை. இன்னைக்கு இண்டிபெண்டன்ட் மியூசிக் வந்தாச்சு. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் வந்தாச்சு."

வந்தது. அதில் எனக்கும் பெருமை. 2018 ஜனவரி 6 கீழ்ப்பாக்கத்தில் கானாவும் ராப்பும் ராக்கும் பறையுமாகப் பத்தொன்பது பேர் மேடை ஏறியதற்குச் சமமான நிகழ்ச்சி தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை. பா.ரஞ்சித்தின் முயற்சியும் டென்மாவின் இசையும். பெயரே அயோத்திதாசரின் சாதியில்லாத் தமிழர் என்ற சொல்லிலிருந்து எடுத்தது. ஆள் எண்ணிக்கையிலும், அரசியலை நேராகப் பாட்டில் வைப்பதிலும், கூட்டுத் தாளத்திலும், ஆப்பிரிக்கா 70க்குத் தமிழில் மிக அருகே வருவது அதுதான். அந்த மேடையிலிருந்து அறிவு வந்தார். இசைவாணி வந்தார், 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலிலும் இடம்பெற்றார். நல்லது.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. அந்தப் பத்தொன்பது பேரில் எத்தனை பேரின் பெயர் உங்களுக்குத் தெரியும்? ரெண்டு? மூன்று? சட்டி மேளம் அடித்தவர் யார்? பறை அடித்தவர் யார்? குற்றம் குழுவின் மேல் இல்லை. அவர்கள் எல்லாரையும் ஒரே உடையில் ஒரே வரிசையில் நிறுத்தினார்கள். குற்றம் நம் கண்ணில். பத்தொன்பது பேர் வந்து நின்றாலும் நாம் ஒரு முகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு மீதியைப் பின்னணி ஆக்கிவிடுகிறோம். பத்து வருடம் கழித்து அந்தப் பத்தொன்பது பேரும் ஒன்றுகூடினால் புல்லரிக்க ரெடியாக இருப்போம். அதுவரை அந்தச் சட்டி மேளக்காரருக்கு வாடகை யார் கட்டுவது?

இன்னொரு நண்பர் சொல்வார், "சினிமாப் பாட்டுதான் நம்ம நாட்டுப்புறப் பாட்டு, தனி பேண்டுக்கு இங்க மார்க்கெட் கிடையாது." சினிமா என்றே வைத்துக்கொள்வோம். சினிமாவில் வாசித்தவர்கள் யார்? மெட்ராஸ் ஸ்டூடியோக்களில் காலை கால்ஷீட், மாலை கால்ஷீட் என்று வயலின் தூக்கிக்கொண்டு அலைந்த ஆயிரக்கணக்கான பேர். அவர்களுக்கு என்று ஒரு தொழிற்சங்கம் கட்டியவர் எம்.பி.சீனிவாசன். இசையமைப்பாளர், கம்யூனிஸ்ட், சேர்ந்திசைக் குழுக்களை வளர்த்தவர். வயலின்காரருக்கு நேரத்துக்குக் கூலி வர வேண்டும் என்பதும் இசையின் ஒரு பகுதிதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாம் அவருடைய சேர்ந்திசையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு சங்கத்தை மறந்துவிட்டோம். ஏ.ஆர்.ரஹ்மான் தன் கேசட் உறைகளில் வாசித்தவர்களின் பெயரைப் போட ஆரம்பித்தபோது அது ஒரு செய்தியாகப் பேசப்பட்டது. யோசித்துப் பாருங்கள், வேலை செய்தவன் பெயரை எழுதியது செய்தி ஆகிற துறை இது.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2012இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி அது மாறியது. வாசிப்பவரும் அந்தச் சட்டத்தில் நிகழ்த்துநர்தான். அவர் வாசித்ததை வைத்து வியாபாரம் நடந்தால் அவருக்கும் ராயல்டி கேட்க உரிமை உண்டு. ஆனால் அதைக் கேட்பதற்கு முதலில் வாசித்தது அவர்தான் என்று ஒரு தாளில் இருக்க வேண்டும். இங்கே தாளே கிடையாது. வேனில் ஏறும்போது கவரில் எண்ணூறு ரூபாய், அதோடு கணக்கு முடிந்தது.

நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு பிரேக் பாகத்துக்கு நம்பர் உண்டு. நாளைக்கு அது எங்காவது உடைந்தால், எந்தத் தேதி, எந்த ஷிஃப்ட், எந்த மெஷின், யார் செக் செய்தது என்று பின்னாலேயே போய் என் கையெழுத்து வரை வந்து நிற்பார்கள். தப்பு நடந்தால் ஆளைக் கண்டுபிடிக்க இவ்வளவு ஏற்பாடு. இதே ஊரில் பத்து வருடம் ராத்திரி ராத்திரியாக ஜனங்களை ஆட வைத்தவனைக் கண்டுபிடிக்க ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

கடைசியாக ஒரு வாதம் வரும், அதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல். "கலையைக் கூலிக் கணக்காக்காதீங்க தோழர்." இதைச் சொல்பவர் மாதச் சம்பளக்காரராக இருப்பார். பெரும்பாலும் அவருடைய பேமெண்ட் ஒரு நாள் தள்ளிப் போனாலே ஹெச்.ஆருக்கு மெயில் போட்டிருப்பார். கலையைக் கூலிக் கணக்காக்கியது நாங்கள் இல்லை. அந்தக் கணக்கில் ஒரு பக்கத்தைக் கிழித்துப் போட்டவர்கள்தான் அதற்குக் கலை என்று பெயர் வைத்தார்கள். ஓனர் பேசும்போது எல்லாம் கலை. நாங்கள் பணம் கேட்டால் மட்டும் கணக்கு.

*

ஓனரைப் போய்ப் பார்த்தேன். ராயக்கோட்டை ரோட்டில் இப்போது டெக்கரேஷன் கடை வைத்திருக்கிறார். டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர்தான், என் அக்கா கல்யாணத்துக்கு சவுண்டு செட் சும்மா போட்டுக் கொடுத்தவர். அதையும் சொல்லியாக வேண்டும். பேனர் டிசைனை போனில் காட்டினார். மேலே அவர் பெயர், நடுவில் அவர் படம், கீழே பழைய மேடை போட்டோவில் நாங்கள் எட்டுப் பேர் மங்கலாக. ஆல்பத்தின் முதல் டிராக் எது தெரியுமா? அந்தப் பத்து நிமிடம். நிகழ்ச்சிக்கு முன்னால் நாங்கள் சும்மா வாசிப்போமே, அதுதான். இசை என்ற இடத்தில் அவர் பெயர்.

"அது அவன் போட்ட அடிண்ணா."

"எவன்?"

"டிரம்மர்."

"அட, அவன்தான் வுட்டுட்டுப் போய்ட்டானே. வேற பையன் இருக்கான், கேட்டு அப்டியே அடிச்சிருவான்."

நான் போனை எடுத்து டிரம்மரைக் கூப்பிட்டேன். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் இருக்கிறான். நம்பர் என்னிடம் எப்போதும் இருந்தது. ஒன்பது வருடத்தில் நான் அடிக்கவில்லை, வெட்கம். விஷயத்தைச் சொன்னேன். பின்னால் மெஷின் சத்தம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான், "நன் துட்டு கொட்ரா?" என் பணத்தைக் கொடுத்தார்களா?

அன்றைக்குச் சாயந்திரம் நாங்கள் ஆறு பேர் ஆளுக்கு நானூறு போட்டு அவனுக்கு ஜிபே செய்தோம். அஞ்சு நிமிடத்தில் திருப்பி அனுப்பிவிட்டான். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ், அவனுடைய ஆனேக்கல் தமிழில்: "நீங்க யாக்கே குடுக்கறீங்க? நீங்களா எனக்குப் பாக்கி?" நியாயம்தானே. எங்கள் குற்ற உணர்ச்சிக்கு நாங்கள் செய்த செட்டில்மென்ட் அது. அவனுடைய கூலிக் கணக்கு அதில் தீராது. அவனுக்கு வேண்டியது கொடுக்க வேண்டியவர் கையிலிருந்து வர வேண்டும்.

மறுநாள் ஒரு ஏ4 தாளில் எழுதினேன். யார் என்ன வாசிக்கிறார்கள், எட்டுப் பெயரும், எந்த டிராக்கின் அடி யாருடையது, முதல் டிராக்கில் முதல் பெயர் டிரம்மருடையது. ரெக்கார்டிங் நாளுக்கு எவ்வளவு, யூடியூபில் ஏதாவது வந்தால் சவுண்டுக்கும் வேனுக்கும் எவ்வளவு, எங்களுக்கு எவ்வளவு. பழைய பாக்கி: ரூ. 2,400. கீழே எட்டுக் கையெழுத்துக்கு இடம், ஓனருக்கும் ஒன்று. பாகலூர் அக்கா முதலில் போட்டார். தெலுங்கில் போட்டார். தபேலா அண்ணன் படித்துவிட்டு, "இதெல்லாம் அப்பவே எழுதியிருக்கலாம் இல்ல?" என்றார். எழுதியிருக்கலாம்.

ஓனரிடம் கொண்டுபோய் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெண்டு தரம் படித்தார். "என்னடா இது, ஆர்கெஸ்ட்ராவா, யூனியனா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் தாளைத் திருப்பித் தரவில்லை. கல்லாவில் வைத்துக்கொண்டார். நேற்று வரை பதில் இல்லை. அடுத்த வாரம் எனக்கு இரண்டாம் ஷிஃப்ட், காலையில் போய்க் கேட்க வேண்டும்.

அவர் கையெழுத்துப் போடாவிட்டால் ஆல்பம் வராது. அவர் சொல்கிற மாதிரி வேறு பையன் கேட்டு அடித்து வரவும் செய்யலாம். அப்படி வந்தால் அதன் லிங்க் உங்கள் குரூப்புக்கும் வரும். நரைக்காவிட்டாலும் தொப்பை வைத்த ஆட்கள் மேடையில் சிரிக்கிற படம் இருக்கும். பல வருடம் கழித்து, எல்லை தாண்டி, மொழி தாண்டி என்று எழுதியிருப்பார்கள். இதயம் போடுவதற்கு முன்னால் கீழே தட்டி விவரத்தைத் திறந்து பாருங்கள். டிரம்ஸ் என்று ஒரு வரி இருக்கிறதா, அதற்கு எதிரே ஒரு பெயர் இருக்கிறதா என்று. இல்லையென்றால் கமெண்டில் கேளுங்கள். லாகோஸ் குழுவாக இருந்தாலும் சரி, கோட்டனூ குழுவாக இருந்தாலும் சரி, ராயக்கோட்டை ரோடாக இருந்தாலும் சரி.